உலர் கையுறை: குளிர்நீரில் மூழ்குவோரின் கைக்காப்பு

பனி மூடிய கடலுக்கடியில் ஆராய்ச்சி நடத்துபவருக்குக் கைகளே முதற்கருவியாகும். உடையினுள் காற்றை விடும் வால்வை அழுத்துவதும், எடைக்கச்சையின் கொக்கியை விடுவிப்பதும், வாயினின்று நழுவிய மூச்சுக் குழலை மீண்டும் பற்றுவதும் விரல்களின் வேலையே. விரல்கள் மரத்துப்போனால் மாதிரி சேகரிப்பது மட்டுமன்று, உயிரோடு மேலே வருவதும் ஐயத்திற்கிடமாகிவிடும். ஆகவே, குளிர்நீரில் இறங்குவோர் தம் கையுறையைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும்.

குளிர் கையை முதலில் தாக்குவது ஏன்?

நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. அண்டார்க்டிக்காவின் மக்மர்டோ பகுதியில் பனிக்கட்டிக்கு அடியிலுள்ள கடல்நீரின் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே சுமார் 1.8 டிகிரி செல்சியஸ் ஆகும். உப்பு கலந்திருப்பதனாலேயே அந்நீர் அந்நிலையிலும் உறையாமலிருக்கிறது. அத்தகைய நீரில் உடல் தன் உட்பகுதியின் வெப்பத்தைக் காக்கும் பொருட்டுக் கை கால்களுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. விரல்களோ மெல்லியவை, அவற்றின் பருமனுக்கு மேற்பரப்பு மிகுதி. எனவே அவை விரைவில் குளிர்ந்துவிடுகின்றன. கைத்தோலின் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விரல்களின் லாவகம் குறையத் தொடங்கும். சுமார் 8 டிகிரியில் தொடு உணர்ச்சி பெரிதும் மங்கிவிடும்.

ஈரக் கையுறையும் உலர் கையுறையும்

ஈரக் கையுறை நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. அதனுள் எண்ணற்ற நுண்ணிய வாயுக் குமிழிகள் உள்ளன. வெப்பத்தைத் தடுப்பவை இக்குமிழிகளே. உள்ளே புகும் சிறிதளவு நீரைக் கையின் வெப்பம் சூடாக்குகிறது. ஆனால் கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகிறது. அதனால் வாயுவின் கன அளவு பாதியாகிறது. 30 மீட்டரில் நான்கில் ஒரு பங்காகிறது. குமிழிகள் நசுங்க, கையுறை மெலிந்து, அதன் காப்புத் திறனும் குன்றுகிறது. மேலும், கரையேறிய பின் ஈரமான கைகளைக் குளிர்காற்று வாட்டும்.

உலர் கையுறையில் நீர் புகாத மேலுறை ஒன்றும், கம்பளி அல்லது செயற்கை இழையாலான உள்ளுறை ஒன்றும் உண்டு. கையைச் சுற்றியுள்ள காற்றும் உள்ளுறையுமே வெப்பத்தைக் காக்கின்றன. இது நீர் புகாத உலர் உடையுடன் மணிக்கட்டில் வளையங்களால் இணைக்கப்படுகிறது.

எல்லா இடத்திற்கும் உலர் கையுறை தேவையென்பதில்லை. ஐஸ்லாந்தின் சில்ப்ரா பிளவில் நீர் 2 முதல் 4 டிகிரி வரையே இருப்பினும், அங்குச் சிறிது நேரம் மூழ்கிக் காட்சி காண்போருக்குப் பொதுவாக ஈரக் கையுறையே அளிக்கப்படுகிறது. நெடுநேரம் தங்கி, விரல்களால் நுட்பமான வேலை செய்ய வேண்டியவருக்கே உலர் கையுறை அவசியமாகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

மேலுறை பி.வி.சி., லேடெக்ஸ், நைட்ரைல் முதலியவற்றால் செய்யப்படுகிறது. லேடெக்ஸ் நன்கு நெகிழும். ஆயினும் கூரிய பாறையிலும் கடல் முள்ளெலியின் முட்களிலும் எளிதில் கிழியும். கனத்த பி.வி.சி. உறை உறுதியானது, ஆனால் விரல்களின் அசைவைச் சற்றே தடுக்கும். செய்யும் வேலையை ஒட்டியே தேர்வு அமைய வேண்டும்.

உள்ளுறையுடன் சேர்த்தே அளவு பார்த்தல் வேண்டும். இறுக்கமான உறை இரத்த ஓட்டத்தைத் தடுத்துக் குளிரை வரவழைக்கும். மிகத் தளர்ந்த உறையோ கொக்கிகளில் சிக்கும். பருத்தி உள்ளுறை ஆகாது. அது நனைந்தால் காப்பை இழந்துவிடும். கம்பளி நனைந்த பின்னும் ஓரளவு வெப்பத்தைக் காக்கும்.

காற்றழுத்தத்தைச் சமன் செய்தல்

ஆழம் மிகுந்தோறும் கையுறைக்குள் உள்ள காற்று சுருங்குகிறது. புதிய காற்று உள்ளே வராவிடில் உறை கையோடு ஒட்டி, அதன் மடிப்புகள் தோலைக் கவ்வும். இதைத் தவிர்க்க இரு வழிகள் உண்டு. முதலாவது, உடையின் மணிக்கட்டு அடைப்பை அடியோடு நீக்கிவிடுவது. அப்போது உடையின் காற்று தடையின்றிக் கைக்குச் செல்லும். ஆனால் கையுறை கிழிந்தால் நீர் உடையினுள்ளும் பாயும். இரண்டாவது, அடைப்பை வைத்துக்கொண்டே அதன் கீழ் மெல்லிய குழல் ஒன்றைச் செருகுவது. கிழிசல் நேர்ந்தாலும் அக்குழல் வழியே நீர் மெதுவாகவே புகும். குழலை எடுத்துவிட்டால் கசிவு பெரும்பாலும் கையோடு நிற்கும். மூழ்குபவர் இவ்விரண்டின் நன்மை தீமைகளையும் இறங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைகளைச் சிறிது உயர்த்தினால் காற்று கையுறைக்குள் ஏறி வெதுவெதுப்பைத் தரும். ஆயினும் மேலே வரும்போது அக்காற்று விரிந்து விரல்களை உப்பச் செய்யும். அச்சமயம் கைகளைத் தாழ்த்தி வைப்பதே முறை.

இறங்குமுன்னும் ஏறிய பின்னும்

1. வளையத்தின் ரப்பர் அடைப்பில் ஒரு மயிரிழையோ மணற்துகளோ இருந்தாலும் நீர் கசியும். அதைத் துடைத்துச் சிலிக்கோன் பசை தடவுக. பெட்ரோலியப் பசை லேடெக்ஸைக் கெடுத்துவிடும்.

2. கையுறையில் காற்றை நிரப்பி நீர்த்தொட்டியில் அமிழ்த்துக. குமிழி எழுமிடமே துளையுள்ள இடம்.

3. இரு வளையங்களும் பூட்டிக்கொண்டனவா என்பதைத் துணைவர் பார்த்துச் சொல்லட்டும்.

4. வால்வுகளையும் கொக்கிகளையும் கையுறையுடன் இயக்கும் பயிற்சியை ஆழமற்ற நீரில் முதலில் பெறுக.

5. நீர் கசிந்தால் வேலையை நிறுத்தித் துணைவருக்குச் சைகை காட்டி, விதிப்படி பதற்றமின்றி மேலே வருக.

6. பின்னர் நன்னீரில் கழுவி, உள்ளும் புறமும் உலர்த்தி, வெயில் படாத இடத்தில் வைக்க.

வகுப்பறையில் ஒரு சோதனை

இதன் தத்துவத்தை மாணவருக்கு விளக்கப் பெரும் சாதனம் எதுவும் தேவையில்லை. மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையில் மாட்டி, அதன் வாய் நீர்மட்டத்திற்கு மேலே இருக்குமாறு வாளி நீரில் கையைத் தாழ்த்துக. நீரின் அழுத்தத்தால் பையிலுள்ள காற்று வெளியேற, பை தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஓர் உறிஞ்சு குழலைப் பைக்குள் விட்டு, பையின் வாயை மணிக்கட்டில் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் பை விலகிவிடும். மூழ்குபவரின் மணிக்கட்டிலுள்ள குழல் செய்வதும் இதுவே.

1989-இல் அமைந்த மைத்ரி, 2012-இல் அமைந்த பாரதி என்னும் நிலையங்களின் வாயிலாக இந்திய விஞ்ஞானிகள் அண்டார்க்டிக்காவை ஆராய்ந்து வந்துள்ளனர். பனிக்கடியிலுள்ள உயிரினங்களை நேரில் காண விரும்பும் இளைஞர், பயிற்சியின் தொடக்கத்திலேயே இச்சிறு கருவியின் இயல்பை அறிந்திருத்தல் நலம். கையில் உணர்ச்சி உள்ளவரையே நீருக்கடியில் வேலை உண்டு. அது மங்கத் தொடங்கியதும் மேலேறுவதே கடமை.