மிகுவிளைவும் பிரதேசக் கைத்தொழிலும்



நிலம் விளையாத ஆண்டிலே கமக்காரன் துன்புறுவது எவரும் அறிந்தது. நன்றாக விளைந்த ஆண்டிலும் அவன் துன்புறுகின்றான் என்பது நகரத்தில் வாழ்வோர் பலருக்கு வியப்பாக இருக்கலாம். மாசி, பங்குனி மாதங்களில் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களிலே தக்காளி ஒருங்கே பழுக்கின்றது. எல்லாத் தோட்டத்துப் பழமும் ஒரே கிழமையில் சந்தைக்கு வர, விலை சரிகின்றது. சில நாள்களில் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாது. பழம் செடியிலேயே அழுக விடப்படுகின்றது. பாடசாலை அதிபராகிய நான் இச்செய்தியை மாணவரின் அப்பியாசக் கொப்பியிலிருந்தே அறிகின்றேன். விலை வீழ்ந்த மாதத்திலே புதுக் கொப்பி வாங்குவது பின்போடப்படுகின்றது.

தூரத்துச் சந்தைக்கு அனுப்புவதே இதற்குப் பரிகாரம் என்பர் சிலர். அதனைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். தக்காளிப் பழத்தின் நிறையில் 100க்கு ஏறக்குறைய 94 பங்கு நீர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே வீதி வழியாக ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். ஆகவே 100 கிலோ தக்காளியை லொறியில் ஏற்றும்போது, 94 கிலோ தண்ணீருக்கும் நாம் வாடகை கொடுக்கின்றோம். வழியில் நசுங்கிப் போகும் நட்டம் வேறு. அதே பழத்தை விளைந்த இடத்திலேயே அரைத்து, தோலும் விதையும் நீக்கி, நீரை வற்றக் காய்ச்சினால் 20 கிலோ அளவான கெட்டிக் களி கிடைக்கும். ஐந்திலொரு பங்கு பாரம். முறையாக அடைத்துவிட்டால் மாதக்கணக்கில் கெடாத பொருள். பதனிடும் நிலையம் தோட்டத்துக்கு அண்மையில் அமைய வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இந்த அறிவு நமக்குப் புதியதன்று. ஆவணி, புரட்டாதி மாதங்களில் பனம்பழம் விழும்போது எந்தக் குடும்பத்தாலும் அத்தனையையும் உண்டு தீர்க்க இயலாது. நம் முன்னோர் களியைப் பிசைந்தெடுத்துப் பாயிலே பரப்பி, வெயிலில் உலர்த்தி, அதன்மேல் மறுநாளும் களி பூசிப் பனாட்டு ஆக்கினர். எஞ்சிய கொட்டையைப் பாத்தியிலிட்டுக் கிழங்காக்கினர். கிழங்கைப் பிளந்து காயவைத்து ஒடியலும், அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியலும் செய்தனர். உணவைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் வாழ நீர் வேண்டும். நீரை வெளியேற்றினாலும், உப்பினாலோ சர்க்கரையினாலோ அதனைக் கட்டிவைத்தாலும், அவை பெருக மாட்டா. பனாட்டுக்கும் மோர்மிளகாய்க்கும் மாம்பழப் பாகுக்கும் அடிப்படை இந்த ஒரே விதிதான்.

அப்படியாயின், வீட்டு முற்றம் போதாதோ என நீங்கள் வினவலாம். வீட்டுத் தேவைக்குப் போதும், விற்பனைக்குப் போதாது. ஒரு வீட்டுப் பனாட்டு நன்கு உலர்ந்திருக்கும். மற்றொன்றில் ஈரம் நின்று பூஞ்சணம் பிடிக்கும். வாங்குபவர் நேற்று வாங்கிய சுவையையே இன்றும் எதிர்பார்ப்பார். மேலும், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்கீழ், பொதியிலே பொருளின் விபரங்கள் முறைப்படி குறிக்கப்பட வேண்டும். தனி வீடு ஒன்றினால் வெப்பக் காற்று உலர்த்தியும் நிறுவையும் பொதிசெய்யும் பொறியும் வாங்குவது அரிது. பல ஊர்கள் கூடிய ஒரு கூட்டுறவுச் சங்கத்தால் அது இயலும். பனைப் பொருள்களைப் பொறுத்தவரை, 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இத்தகைய முயற்சிகளுக்கு வழிகாட்ட வல்லது.

ஆனால் இங்கே பலர் கவனியாத இடர் ஒன்று உண்டு. தக்காளிக்கென்று மட்டும் கட்டிய நிலையம் இரண்டு மாதம் இயங்கிப் பத்து மாதம் பூட்டிக் கிடக்கும். கடன் வட்டியோ பன்னிரண்டு மாதமும் ஏறும். எனவே நிலையத்தைக் கட்டுமுன் பிரதேசத்தின் விளைவு நாட்காட்டியை எழுதுதல் வேண்டும். தையில் பனங்கிழங்கு, மாசியிலும் பங்குனியிலும் தக்காளி, வைகாசியிலும் ஆனியிலும் மாம்பழம், ஆவணியிலும் புரட்டாதியிலும் பனம்பழம். வெயில் குறைந்த மழை மாதங்களிலே, முன்னர் அடைத்துவைத்த களியிலிருந்து பழப்பாகும் பானமும் செய்யலாம். ஒரே அடுப்பும் ஒரே உலர்த்தியும் ஆண்டு முழுவதும் பயன்பட்டால்தான் தொழிலாளிக்குத் தொடர்ந்த வேலையும் சங்கத்துக்கு வருவாயும் உண்டாகும்.

மற்றொன்றையும் மறத்தலாகாது. பதனிடுதல் அழுகலை நல்லதாக்கும் மந்திரமன்று. சந்தையில் விலைபோகாது மூன்று நாள் கிடந்த பழத்திலிருந்து நல்ல களி பிறவாது. பறித்த அன்றே தரம் பிரித்து, உருவத்தில் சிறியதும் வடிவம் கோணியதுமாயினும் கெடாத பழத்தை நிலையத்துக்கு அனுப்புவதே முறை. அதற்குரிய விலையைப் பருவம் தொடங்குமுன்னரே சங்கமும் கமக்காரரும் பேசி முடிவு செய்தல் நன்று. அவ்வாறு செய்தால், சந்தை விலை எவ்வளவு தாழ்ந்தாலும் அதற்குக் கீழே போகாத ஓர் அடிநிலை கமக்காரனுக்குக் கிடைக்கும்.

பெருந்தொகை முதலீடு கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலே, எந்த மாதத்தில் எந்த விளைவு எவ்வளவு வீணாகின்றது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பாடசாலையின் உயர்வகுப்பு மாணவர் அக்கணக்கை எடுத்துத் தர முன்வருவர். அந்தத் தாளே உங்கள் பிரதேச நிலையத்தின் முதல் அத்திவாரக் கல்லாகும்.