ஒரு லாரி மண்ணில் எத்தனை கிராம்?

மண்ணும் கணக்கும் – 9

கொல்லிமலையில் வெட்டிய பாக்சைட், மலையிறங்கி மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குப் போன காலம் உண்டு. 10 டன் ஏற்றிய ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் அலுமினா என்றால் 4 டன். அலுமினாவில் ஏறத்தாழ பாதி அலுமினியம். ஆக, லாரிக்கு 2 டன் உலோகம்.

இப்போது ஜார்க்கண்டின் ஜாதுகுடாவுக்குப் போவோம். 1967 முதல் யுரேனியம் வெட்டும் சுரங்கம் அது. அங்கே தாதுவில் யுரேனியம் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. கணக்குக்காக 0.1 என்றே வைப்போம். 10 டன் என்பது 10,000 கிலோ. அதை 0.1ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 10 கிலோ. அதிலும் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மறுபடி பெருக்குங்கள்: 70 கிராம். சதவீதத்தின் சதவீதத்தைக் கூட்டக் கூடாது, பெருக்கத்தான் வேண்டும்.

கல்பாக்கத்தில் 1984, 1986 ஆண்டுகளில் வணிக மின்உற்பத்தியைத் தொடங்கிய இரு உலைகளும், செறிவூட்டாத, அதாவது யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டாத, இந்த யுரேனியத்தையே எரிக்கக் கட்டப்பட்டவை. அதற்காகத்தான் அங்கே, நியூட்ரான்களை அதிகம் விழுங்காமல் வேகம் குறைக்கும் கனநீர். எரிபொருள் ஹைதராபாத்தில் தயாராகிறது. அரை மீட்டர் நீளமுள்ள 19 மெல்லிய குழாய்கள் சேர்ந்தது ஒரு கட்டு. உலையில் 306 வரிசைகள், வரிசைக்கு 12 கட்டுகள். 306ஐப் பத்தால் பெருக்கினால் 3,060, இரண்டால் பெருக்கினால் 612. மொத்தம் 3,672 கட்டுகள்.

இவ்வகை உலையில் ஒரு கிலோ யுரேனியம் சுமார் 1,60,000 யூனிட் வெப்பம் தரும். அதில் 29 சதவீதம்தான் மின்சாரமாகும்: ஏறக்குறைய 46,000 யூனிட். 10 கிலோவுக்கு 4,60,000. மாதம் 100 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,200. வகுத்தால் 380 வீடுகளுக்கு ஓராண்டு விளக்கெரியும்!

இதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுக்க, யூனிட்டுக்கு 700 கிராம் வீதம் 322 டன் வேண்டும், அதாவது 32 லாரி. உலைக்குள் போகும் எடையை மட்டும் பார்த்தால் யுரேனியம் 32,000 மடங்கு சிக்கனம். வெட்டிய தாதுவோடு ஒப்பிட்டால் 32 மடங்குதான். இரண்டும் உண்மை. மேடையில் முதல் எண்ணை மட்டும் சொல்பவர், மீதி 9,990 கிலோவை மறைத்துவிடுகிறார். அந்த 99.9 சதவீதத்தில் ஒரு பகுதி சுரங்கத்தை நிரப்பத் திரும்பப் போகிறது; மீதி ஜாதுகுடா ஆலையின் கழிவுக் குட்டையில், ஆதிவாசி கிராமங்களுக்கு அருகிலேயே கிடக்கிறது.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்று வாதிடுமுன் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். யார் ஒரு சதவீதத்தைச் சொன்னாலும், “எதில்?” என்று கேட்கவும், “மீதி எங்கே?” என்று கேட்கவும் கற்றுக்கொடுங்கள்.

(தொடரும்)