வாட்டம் சரியா?

பெங்களூரில் ஒரு வீட்டு வேலை நடந்தது. வீட்டிலிருந்து தெருவோரத் தொட்டிவரை கழிவுநீர்க் குழாய் பதிக்க வேண்டும். தூரம் 30 மீட்டர். குழாய் 6 அங்குலம்.

தண்ணீர் தானாக ஓட வேண்டும். அதற்கு வாட்டம் வேண்டும். 6 அங்குலக் குழாய்க்கு 100-க்கு 1 என்று வாட்டம் கொடுப்பது வழக்கம். அதாவது, 1 மீட்டர் தூரத்துக்கு 1 சென்டிமீட்டர் இறக்கம். 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். 30 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர்.

முன்பெல்லாம் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பார்கள். இன்றும் பார்க்கிறார்கள். அது நல்ல முறைதான். ஆனால் தூரம் கூடினால் நேரம் பிடிக்கும். இங்கே லேசர் கருவி வந்திருந்தது.

கருவியை மூன்று கால் ஸ்டாண்டின் மேல் வைத்தார்கள். அது தன்னை மட்டப்படுத்திக்கொண்டது. பிறகு தலை சுழன்றது. ஒளிக்கதிர் நாலா பக்கமும் ஒரே மட்டத்தில் பாய்ந்தது. வெயிலில் அந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ரிசீவர். கதிரைக் கண்ணால் நேராகப் பார்க்கவும் கூடாது. கண் கெடும்.

சித்தாள் வேலை செய்த பெண் அளவுகோலைப் பிடித்தார். மாலை வகுப்பில் எண்கள் கற்றவர் அவர். கோலை வீட்டோரப் பள்ளத்தில் நிறுத்தினார். கோலில் ரிசீவரை மேலும் கீழும் நகர்த்தினார். ஓரிடத்தில் விடாமல் ஒலி வந்தது. அதுதான் கதிரின் மட்டம். கோலில் 120 என்று இருந்தது. மேஸ்திரி அதைச் சுவரில் எழுதினார்.

கதிர் மட்டமாக இருக்கிறது. பள்ளமோ இறங்க வேண்டும். ஆகவே பள்ளம் இறங்க இறங்க, கோலில் எண் கூட வேண்டும். 10 மீட்டரில் 130. 20 மீட்டரில் 140. 30 மீட்டரில் 150.

10 மீட்டரில் ரிசீவரை 130-ல் இறுக்கிக் கோலை நிறுத்தினார்கள். அம்புக்குறி கீழே காட்டியது. ரிசீவர் கதிருக்கு மேலே இருக்கிறது என்று பொருள். அப்படியென்றால் மண் மேடு. வெட்ட வேண்டும். அம்புக்குறி மேலே காட்டினால் மண் பள்ளம். நிரப்பி இடிக்க வேண்டும். ஒலி விடாமல் வந்தால் சரி. 20 மீட்டரிலும் இப்படியே 140 வைத்து முடித்தார்கள்.

பிறகு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்ததும் மேஸ்திரி, “150-ல் வைம்மா” என்றார்.

“அண்ணே, முதல் இடத்தை ஒரு தடவை பார்த்துக்கலாமே” என்றார் அந்தப் பெண்.

பார்த்தார்கள். 120 இருக்க வேண்டிய இடத்தில் 132 இருந்தது! மண் வண்டிக்கு வழிவிட யாரோ ஸ்டாண்டை நகர்த்தியிருந்தார்கள். கருவி புது இடத்தில் மறுபடி மட்டமாகிச் சுழன்றுகொண்டிருந்தது. பார்வைக்கு ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கதிர் 12 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது.

150 வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசி 10 மீட்டர் இறங்கியிருக்காது. 2 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். கழிவுநீர் குழாயில் தேங்கியிருக்கும். நாளடைவில் அடைப்பு ஏற்பட்டிருக்கும். மண்ணை மூடிய பிறகு தெரிந்தால் மறுபடி தோண்ட வேண்டும். அந்தக் கூலியை யார் தருவார்?

மேஸ்திரி 150-உடன் 12 கூட்டினார். 162 வைத்து வேலையை முடித்தார்கள்.

கருவி மட்டத்தைக் காட்டும். கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும்.

நினைவில் வையுங்கள்
1. கோலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்ந்தால் எண் தவறும்.
2. முதல் அளவை எழுதி வையுங்கள்.
3. வேலை நின்று தொடங்கும்போதும், முடிக்கும்போதும் முதல் இடத்தை மறுபடி பாருங்கள்.

கணக்குப் போடுங்கள்
முதல் அளவு 110. வாட்டம் 100-க்கு 1. 15 மீட்டரில் கோலில் எந்த எண் வர வேண்டும்?