ரயில் பெட்டிக்கும் பெரட்டு உண்டு!

பெரட்டு என்றால் என்னவென்று நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. விடியுமுன் கூட்டம் நிற்கும். பேர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பேருக்குக் குரல் வர வேண்டும். வராவிட்டால் ஆள் இல்லை என்று பொருள். ரயில் பெட்டிகளுக்கும் இப்படியொரு பெரட்டு உண்டு என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் நியூயார்க், சிகாகோ, பாஸ்டன் போன்ற நகரங்களுக்குச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து காலையில் ரயிலேறி வேலைக்குப் போய், மாலையில் ரயிலிலேயே வீடு திரும்புகிறவர்கள் இலட்சக்கணக்கானோர். இந்த ரயில்களுக்கு அந்நாட்டு அரசாங்கத்தின் ரயில்வே நிர்வாகத் துறை 1999-ஆம் ஆண்டில் விரிவான பாதுகாப்பு விதிகளை வகுத்தது. அவற்றுள் ஒன்று இது: ரயில் ஓடும் ஒவ்வொரு நாளும் ஒரு முறை முழு பிரேக் சோதனை நடந்தாக வேண்டும். தேர்ச்சி பெற்ற பராமரிப்புத் தொழிலாளி ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கிறதா, பிறகு விடுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பிரேக்குக்கு எடுக்கும் பெரட்டுதான் அது.

இப்படிப்பட்ட பிரேக் விதிகளிலிருந்து தங்களுக்குக் கொஞ்சம் விலக்கு வேண்டும் என்று சில ரயில் நிர்வாகங்கள் மனுப் போடுவதுண்டு. "அடடா, பிரேக்கிலா சலுகை கேட்பார்கள்?" என்று திடுக்கிடத் தோன்றும். அவசரப்படாமல் விஷயத்தைப் பார்ப்போம்.

காற்றுதான் காவல்

முற்காலத்தில் ரயிலை நிறுத்துவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஓடும் சரக்கு வண்டியின் கூரைமேல் தொழிலாளர்கள் பெட்டிக்குப் பெட்டி தாவிச் சென்று, கையால் சக்கரத்தைத் திருகிப் பிரேக் போட வேண்டும். மழையிலும் பனியிலும் கால் வழுக்கி விழுந்து மாண்டவர்கள் பலர்.

1869-இல், 22 வயதே நிரம்பிய ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற இளைஞர் காற்றால் இயங்கும் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் குழாய் அறுந்தால் அந்தப் பிரேக்கும் போய்விடும். 1872-இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். ரயில் நெடுக ஓடும் குழாயில் காற்று அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விட்டிருக்கும். அழுத்தம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். வண்டி நடுவில் அறுந்தாலும் இரண்டு பாதியும் தானாகவே நின்றுவிடும். தொழிலாளர்களுக்காக லோரென்சோ காஃபின் போன்றோர் பல்லாண்டு போராடிய பிறகே, 1893-இல் அமெரிக்காவில் இதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது.

இவ்வளவு நல்ல கருவிக்கும் ஒரு பலவீனம் உண்டு. பெட்டிகளுக்கு இடையே குழாயில் ஒரு திருகு அடைபட்டுவிட்டால், அதற்குப் பின்னால் உள்ள பெட்டிகளுக்கு ஓட்டுநரின் கட்டளை போய்ச் சேராது. முன்னால் இருக்கும் அவருக்கோ அழுத்தமானி எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும்.

பாரிஸ் தந்த பாடம்

இது வெறும் கற்பனை அல்ல. 1988-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள், மெலன் என்ற ஊரிலிருந்து பாரிஸ் நகரின் கார் டி லியோன் நிலையத்துக்கு ஒரு புறநகர் ரயில் வந்துகொண்டிருந்தது. தான் இறங்க வேண்டிய நிலையத்தில் வண்டி நிற்காது என்று தெரிந்ததும் ஒரு பயணி அபாயச் சங்கிலியை இழுத்தார். ஓட்டுநர் அதைச் சரிசெய்யும்போது, தம்மை அறியாமலே பிரேக் குழாயின் திருகை அடைத்துவிட்டார். பிரேக் விடாமல் இறுகி நின்றதால், காற்றடைப்பு என்று எண்ணிப் பெட்டிகளிலிருந்த காற்றையும் வெளியேற்றினார். வண்டி நகர்ந்தது. ஆனால் பெரும்பாலான பெட்டிகளில் பிரேக்கே இல்லை!

நிலையத்தை நெருங்கும் இறக்கத்தில்தான் அவருக்கு அது புரிந்தது. அங்கே கூட்டம் நிறைந்த இன்னொரு ரயில், தாமதமாகிப் புறப்படாமல் நின்றிருந்தது. அதன் ஓட்டுநர் தப்பி ஓடவில்லை. பயணிகளை இறங்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்து உயிர் நீத்தார். மாண்டவர் மொத்தம் 56 பேர். புறப்படுமுன் பெட்டி பெட்டியாய் ஒரு சோதனை செய்திருந்தால், அத்தனை பேரும் அன்று வீடு திரும்பியிருப்பார்கள்.

மனுவின் கதி என்ன?

விலக்குக் கேட்பவர்களிடமும் காரணம் இல்லாமலில்லை. புதிய வண்டிகளில் கணினியே பிரேக்கின் கோளாறைச் சொல்லிவிடுகிறது என்பார்கள். காற்றில் ஈரத்தை நீக்கும் கருவி இருப்பதால் வால்வுகள் சீக்கிரம் கெடுவதில்லை, அவற்றை அடிக்கடி பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பார்கள். இரவில் வண்டி தங்கும் கடைக்கோடி நிலையத்தில் தேர்ச்சி பெற்ற ஆளை வைப்பது பெருஞ்செலவு என்பதும் ஒரு வாதம்.

இதில் நாம் பாராட்ட வேண்டியது ஒன்று உண்டு. மனுவை அறைக்குள் மூடிவைத்து முடிவு செய்வதில்லை. அரசாங்க இதழில் அறிவிப்பு வெளியாகும். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுதுவதுண்டு. வண்டியைத் தொட்டுப் பார்க்கிறவர்களின் சொல் அது. பிறகு பாதுகாப்பு வாரியம் முடிவெடுக்கும். பொதுநலனுக்கு உகந்ததா, ரயில் பாதுகாப்புக்குப் பழுதில்லையா? இரண்டுக்கும் விடை சரியாக இருந்தால்தான் விலக்கு. அதுவும் பெரும்பாலும் ஐந்தாண்டு போன்ற குறிப்பிட்ட காலத்துக்கு, நிபந்தனைகளோடுதான்.

விதி கல்லில் செதுக்கியது அல்ல. கருவி மேம்பட்டால் விதியும் மாறலாம். ஆனால் "செலவு மிச்சம்" என்பது மட்டும் காரணமாகிவிடக் கூடாது. சோதனையில்லாமல் நூறு நாள் வண்டி பத்திரமாக ஓடலாம். நூற்றியோராவது நாளைப் பற்றி யார் உறுதி சொல்வார்?

வாசகர்களே! நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பஸ், நம்மை வேலைக் காட்டுக்குக் கொண்டுபோகும் லோரி ஆகியவற்றுக்கும் இதே நியாயம்தான். "பிரேக்கைப் பார்த்தீர்களா, அண்ணே?" என்று ஓட்டுநரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நல்ல ஓட்டுநர் அதற்குக் கோபிக்க மாட்டார். வண்டி புறப்படுவதைவிட, அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதான் முக்கியம்.