உங்களுக்குத் தெரியுமா? டாக்டருக்கு மகாவீர் சக்கரம்!

போரில் பணியாற்றிய அனைவருக்கும் வழங்கப்படுவது சேவைப் பதக்கம். எதிரியின் முன்னால் காட்டிய துணிவுக்கு வழங்கப்படுவது வீரப் பதக்கம். இந்தியாவின் போர்க்கால வீரப் பதக்கங்களில் பரம்வீர் சக்கரத்துக்கு அடுத்த இடம் மகாவீர் சக்கரத்துக்கு. வெள்ளிப் பதக்கம், பாதி வெள்ளை, பாதி காவி நாடா. கொரியப் போரில் இதைப் பெற்றவர்களில் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர், லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ்!

1950 நவம்பரில் ஐ.நா. படைகளுக்கு உதவ கொரியா சென்ற, இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவர் அவர். அடுத்த மாதமே ஐ.நா. படைகள் பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மருத்துவக் கருவிகளைப் போட்டுவிட்டுப் போக இவருடைய ஆட்களுக்கு மனமில்லை. ஒரு பழைய நீராவி இன்ஜினைத் தேடிப் பிடித்து, சாமான்களை ஏற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு சியோல் வந்து சேர்ந்தார்கள். (மருத்துவக் கல்லூரியில் ரயில் ஓட்டவா சொல்லித் தருகிறார்கள்!)

1951 மார்ச் 23 அன்று முன்சான் அருகே அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டில் குதித்து, காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்ததும் இந்தப் பிரிவுதான். ரங்கராஜுக்குக் குதிப்பது புதிதல்ல. 1941-லேயே பாராசூட்டில் குதித்த முதல் இந்திய வீரர்களில் ஒருவர்.

பிரிவுக்குக் கிடைத்தவை 2 மகாவீர் சக்கரங்கள், 6 வீர் சக்கரங்கள். பின்னாளில் ரங்கராஜ், உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார்.