ஒரு மேசைக்கு ஒரு மணி நேரம்

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கூடவே அவருடைய மகன். அவன் என் பழைய மாணவன்.

"வாத்தியாரையா, சேமநிதிப் பணம் 60,000 வெள்ளி வந்திருக்கு. பட்டணத்துல பூல் மேசைக் கடை போடணும்னு இவன் ஒரே பிடியா நிக்கிறான். போடலாமா?" என்று கேட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். போடு என்றோ போடாதே என்றோ நான் சொல்லவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்ல நினைக்கிறேன்.

பூல் கடை என்றதும் தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். புகையும் பந்தயமும் வீண்பொழுதும் அங்கே உண்டு என்பது நம் எண்ணம். சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் விளையாட்டு குற்றவாளியன்று. இதன் அண்ணனான ஸ்னூக்கர், 1875ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே தோன்றியது. அதன் விதிகள் 1882ஆம் ஆண்டில் எழுதி ஒட்டப்பட்ட இடம் நம் தமிழ்நாட்டு உதகமண்டலத்தின் கிளப் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். 1998ஆம் ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தக் கோல் விளையாட்டுகளும் இடம்பெற்றன.

சரி, கணக்குக்கு வருவோம். மளிகைக் கடைக்காரர் அரிசி விற்கிறார். பூல் கடைக்காரர் விற்பது நேரத்தை. ஒரு மேசைக்கு ஒரு மணி நேரம் என்பதே அவருடைய சரக்கு. அரிசி இன்று விற்காவிட்டால் நாளை விற்கும். ஆனால் இன்று மூன்று மணிக்குக் காலியாகக் கிடந்த மேசையின் அந்த ஒரு மணி நேரத்தை நாளைக்கு யாரும் வாங்க முடியாது. இந்தத் தொழிலின் இலாபமும் நட்டமும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கின்றன.

ஐந்து மேசைகள், பகல் பன்னிரண்டிலிருந்து இரவு பன்னிரண்டு வரை என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 60 மேசை மணி நேரம் கையில் இருக்கிறது. கணக்குக்காக மணிக்கு 10 வெள்ளி என்று கொள்வோம். செலவைப் பாருங்கள். கடை வாடகை 2,500 வெள்ளி. வாரம் 84 மணி நேரம் கடை திறந்திருக்கும். சட்டப்படி ஓர் ஆளின் சாதாரண வேலை வாரத்துக்கு 45 மணி நேரம். ஆகவே இரண்டு ஆள் வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்துவிட்டது. சேமநிதி, சொக்சோ ஆகியவற்றையும் சேர்த்தால் இருவருக்கும் ஏறக்குறைய 3,900. மின்சாரத்துக்கு 1,300. துணி மாற்ற, கோல் நுனி பழுதுபார்க்க 500. ஆக மொத்தம் 8,200 வெள்ளி.

வரவு என்ன? வார நாளில் 20 மணி நேரமும் சனி ஞாயிற்றில் 40 மணி நேரமும் விற்றால், 22 வார நாளுக்கு 4,400, எட்டு விடுமுறை நாளுக்கு 3,200. மொத்தம் 7,600. கூட்டம் நிறைந்த கடை போலத் தோன்றும், ஆனால் மாதம் 600 வெள்ளி கைநட்டம்! இதைக் கேட்டதும் பெரியவர் மகனை ஒரு பார்வை பார்த்தார்.

அப்படியானால் பிழைப்பவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஒன்று, தண்ணீர்க் கடை. மைலோ, தேநீர், மீ என்று நாளொன்றுக்கு 50 வெள்ளி மிஞ்சினால் மாதம் 1,500. அப்போது நட்டம் 900 வெள்ளி மிச்சமாக மாறுகிறது. ஆக மேசை ஆளை உள்ளே இழுக்கிறது, தேநீர்க் குவளை குடும்பத்தைக் காக்கிறது. இரண்டு, முதலாளியே ஓர் ஆளின் வேலையைச் செய்வது.

மேசையைத் தேர்ந்தெடுப்பதும் பெரிய விஷயம். ஸ்னூக்கர் மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். கோலை வீச இடம் விட்டால் 22 அடிக்கு 16 அடி பிடிக்கும். அடியில் கற்பலகை இருப்பதால் எடை ஒரு டன்னுக்கு மேல். மாடிக் கடையில் போடுமுன் தரை தாங்குமா என்று விசாரிக்க வேண்டும். பூல் மேசை சிறியது. புதிதாய் வருகிறவனும் பந்தைக் குழியில் போட்டு மகிழ்வான், ஆட்டமும் சீக்கிரம் முடியும். பழைய மேசை மலிவாகக் கிடைத்தால் துணியைப் பார்த்து மயங்காதீர்கள். துணியை மாற்றிவிடலாம், வெடித்த கல்லை என்ன செய்வது?

உரிமம் இல்லாமல் ஒரு காசும் செலவழிக்கக் கூடாது. மாநிலக் கேளிக்கைச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தில் கேட்க வேண்டும். நிபந்தனைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கடையில் பணம் வைத்து ஆட விட்டால், 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் கடைக்காரரையும் பிடிக்கும். "ஆடுகிறவன்தான் வைத்தான், எனக்கென்ன" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

காலம் மாறுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. நடமாடும் படக்காட்சியை வீடியோ கடை விழுங்கியது. அதற்குப் பின் கணினிக் கடை வந்தது, அதையும் கைத்தொலைபேசி விழுங்கிவிட்டது. பூல் மேசை இன்னும் நிற்பதற்குக் காரணம், நண்பனோடு எதிரெதிரே நின்று ஆடும் சுகம் கைத்தொலைபேசியில் இல்லை. என்றாலும் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கதவுகள் மூடின, வாடகை மூடவில்லை. ஆறு மாத வாடகையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் மேசை வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வெளிச்சமும் சுத்தமும் இருந்து, புகையில்லாமல் நடத்தினால் பெண்பிள்ளைகளும் குடும்பத்தோடு வருவார்கள். புகைமூட்டத்தை நம்பிக் கடை நடத்தும் காலம் போய்விட்டது.

மகனிடம் ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, பட்டணத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு கடையில் இரண்டு வாரம் உட்கார்ந்து, மணிக்கு மணி எத்தனை மேசை ஓடுகிறது என்று எழுதி வரச் சொன்னேன். போன வாரம் கொண்டு வந்தான். பள்ளியில் படித்தபோதுகூட இவ்வளவு அழகாக எழுதியதில்லை! செவ்வாய் பகல் மூன்று மணிக்கு ஒரு மேசை. சனி இரவு பத்து மணிக்கு எல்லா மேசையும் நிறைந்து, நான்கு பேர் காத்திருப்பு. "சார், நாலு மணிக்குத் தொறந்தா ஒரு ஆள் போதும், இன்னொரு ஆள் வேலைய நானே பாத்துக்கலாம்" என்றான். நான் சொல்லாமலே அவன் கண்டுபிடித்தது இது. பகலில் இழப்பது சில நூறு வெள்ளி, மிச்சமாவது ஓர் ஆளின் சம்பளம்.

பணம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை அப்பாவும் மகனும் ஊராட்சி மன்றத்துக்குப் போகிறார்கள். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.