நீர்மூழ்கிப் போர் விளையாட்டில் குறிபார்க்கும் கணக்கு

நிற்கும் பொருளைக் குறிபார்த்து எய்வதற்குக் கண்ணும் கையும் பழகினாற் போதும். ஓடும் பொருளை எய்ய விழைவோரோ, அது இப்பொழுது இருக்குமிடத்தை விடுத்து, எய்த கணை சென்று சேரும்பொழுது அது இருக்கப்போகும் இடத்தை அறிந்து எய்தல் வேண்டும். பறவை வேட்டையாடுவோர் இதனைப் பழக்கத்தால் அறிவர். கடலில் ஓடும் கப்பலை நீருக்குள்ளிருந்து எய்வோர்க்குப் பழக்கத்தோடு கணிதமும் இன்றியமையாதது. அக்கணிதத்தை இக்காலத்து மாணவர் பலர், போர்க்களத்தைக் காணாமலே, கணிப்பொறியின் முன் அமர்ந்து ஒரு விளையாட்டின் வாயிலாகக் கற்கின்றனர். அவ்விளையாட்டிற் பொதிந்துள்ள கணக்கைச் சுருங்க விளக்குவதும், அக்கணக்கு எதனைக் காட்டும், எதனைக் காட்டாது என்று ஆராய்வதும் இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்ட விளையாட்டு, 2007-ம் ஆண்டில் யூபிசாப்ட் கம்பெனியார் வெளியிட்ட 'சைலண்ட் ஹண்டர் 4' என்பது. இரண்டாம் உலக யுத்தத்திற் பசிபிக் மகாசமுத்திரத்தில் உலவிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலொன்றின் தலைவராக ஆடுவோர் இதில் அமைகின்றார். அக்காலத்துக் 'காட்டோ' வகைக் கப்பலில் முன்புறம் 6 குழாய்களும் பின்புறம் 4 குழாய்களும் இருந்தன. 24 டார்பிடோக்களை அது ஏற்றிச்செல்லும். டார்பிடோ என்பது தன் யந்திரத்தாலேயே நீருக்குள் ஓடிச்சென்று வெடிக்கும் கணையாம். குறிபார்க்கும் வேலையை விளையாட்டே செய்துகொள்ளும்படி விட்டுவிடலாம். அன்றி, அவ்வுதவியை நிறுத்திவிட்டு ஆடுவோர் தாமே கணக்கிடவும் செய்யலாம். கற்கத்தக்க பொருள் யாவும் பின்னதிலேயே உள்ளது.

எதிர்க்கப்பலைப் பற்றி அறியவேண்டியவை மூன்று. அது நம்மிடமிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பது ஒன்று. எத்திசை நோக்கிச் செல்கின்றது என்பது மற்றொன்று. எவ்வளவு வேகமாகச் செல்கின்றது என்பது பிறிதொன்று. இம்மூன்றனுள் ஒன்றையேனும் கண் நேராகக் காட்டுவதில்லை. நீருக்கு மேலே நீட்டிய பெரிஸ்கோப்பின் வழியே நோக்கினால், கப்பல் எப்பக்கத்தில் தோன்றுகின்றது என்பது மட்டுமே செவ்வையாகத் தெரியும்.

தூரத்தை அளப்பதற்குப் பெரிஸ்கோப்பில் ஓர் உபாயம் அமைந்துள்ளது. கருவியைத் திருகினால் ஒரு கப்பல் இரண்டு உருவமாகத் தோன்றும். ஓர் உருவத்தின் நீர்மட்டம் மற்றோர் உருவத்தின் பாய்மரநுனியைத் தொடும்வரை திருகினால், பாய்மரத்தின் உயரம் நம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் கிடைக்கும். உயரமும் கோணமும் தெரிந்தால் தூரத்தைக் கணித்துவிடலாம் என்பது திரிகோண கணிதத்தின் முதற்பாடம். ஆயினும் உயரத்தை அறிவதற்குக் கப்பல் இன்னதென்று முதலில் அடையாளம் காணவேண்டும். 80 அடி உயரமுள்ள பாய்மரத்தை 100 அடி என்று மயங்கிக் கொள்வோமாயின், 4,000 கெஜத்தில் உள்ள கப்பல் 5,000 கெஜத்தில் உள்ளதாகக் கணக்கில் வரும். இருளும் மூடுபனியும் சேர்ந்தால் இவ்வுபாயமே பயனற்றதாகும்.

இக்குறையை நீக்க வந்தது ரேடார். 'எஸ்.ஜே.' என்று பெயரிடப்பட்ட ரேடார் கருவியை 1942-ம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 'ஹாடக்' என்னும் நீர்மூழ்கி போரிற் பயன்படுத்தியது. அதற்கு முன்னிருந்த 'எஸ்.டி.' என்னும் கருவி ஆகாய விமானங்களின் வரவை அறிவிக்கும். ஆனால் அவை எத்திசையிலிருந்து வருகின்றன என்று சொல்லாது. எஸ்.ஜே. கருவியோ சுமார் 10 செண்டிமீட்டர் நீளமுள்ள மின்காந்த அலைகளைக் குறுகிய துடிப்புக்களாக ஒரு திசையில் எறிந்து, பொருளில் மோதித் திரும்பும் எதிரொலியை ஏற்கும். ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கு காலத்தில், அவ்வலை 164 கெஜம் சென்று மீளும். ஆகவே 50 பங்கு காலம் கழித்து எதிரொலி வருமாயின், பொருள் 8,200 கெஜத்தில் உள்ளது என்பது வெளிப்படை. பாய்மரத்தின் உயரம் தெரியவேண்டுவதில்லை; பகலும் வேண்டுவதில்லை. தூரத்தைக் கூறுவதில் ரேடார் கண்ணினும் வல்லது. பக்கத்தைக் கூறுவதில் கண்ணே ரேடாரினும் வல்லது. ஆகலின் கற்றுத் தேர்ந்தோர் இரண்டையும் இணைத்தே கொள்வர்.

ஈண்டுப் புதிதாக ஆடுவோர் ஒரு மயக்கத்தில் வீழ்வது இயல்பு. ரேடாரின் திரையிற் கப்பல் ஒளிப்புள்ளியாகத் தோன்றியவுடனே எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணுவர். அப்புள்ளி கூறுவது கப்பல் இந்த நொடியில் இருக்கும் இடத்தை மட்டுமே. அது செல்லும் திசையும் வேகமும் அறியவேண்டின், சிறிது நேரம் காத்திருந்து மறுபடியும் நோக்கி, இரண்டு இடங்களையும் படத்திற் குறித்து, ஒரு கோட்டால் இணைத்தல் வேண்டும். கோடு திசையைக் காட்டும். கோட்டின் நீளம் வேகத்தைக் காட்டும். இதற்கு மாலுமிகள் கையாளும் எளிய விதியொன்று உண்டு. ஒரு கடல் மைல் ஏறத்தாழ 2,000 கெஜம். மணிக்கு ஒரு கடல் மைல் செல்லும் வேகம் ஒரு நாட் எனப்படும். ஆகவே ஒரு நாட் வேகத்திற் செல்லும் கப்பல் 3 நிமிஷத்தில் 100 கெஜம் செல்லும். 3 நிமிஷத்தில் 1,200 கெஜம் சென்ற கப்பலின் வேகம் 12 நாட் என்று காகிதமின்றியே சொல்லிவிடலாம்.

இவ்விதியைக் கையாளும்போது நம் கப்பலும் நகர்கின்றது என்பதை மறத்தலாகாது. ஓர் உதாரணம் கூறுவோம். நமது நீர்மூழ்கி 10 நாட் வேகத்திற் கிழக்கு நோக்கிச் செல்கின்றது. எதிர்க்கப்பல் நேர் வடக்கே 8,000 கெஜத்திற் காணப்படுகின்றது. 6 நிமிஷம் கழித்து நோக்கினால், அது மீண்டும் நேர் வடக்கே, 7,000 கெஜத்திற் காணப்படுகின்றது. இரண்டு நோக்குக்களையும் ஒரே இடத்திலிருந்து குறிப்போர், அக்கப்பல் 5 நாட் வேகத்தில் தெற்கு நோக்கி நேரே நம்மிடம் வருகின்றது என்று முடிவு செய்வர். உண்மை அதுவன்று. அந்த 6 நிமிஷத்தில் நாம் 2,000 கெஜம் கிழக்கே வந்துவிட்டோம். அவ்வளவு தூரம் அக்கப்பலும் கிழக்கே வந்திருந்தாலன்றி நேர் வடக்கே தோன்றாது. ஆகவே அது கிழக்கே 2,000 கெஜமும் தெற்கே 1,000 கெஜமும் நகர்ந்துள்ளது. கர்ணத்தின் நீளம் ஏறத்தாழ 2,236 கெஜம். வேகம் 11 நாட்டுக்குச் சிறிது மிகுதி. திசையோ கிழக்கிலிருந்து தெற்கே சுமார் 27 பாகை. திரையிற் கண்டது ஒன்று, கடலில் நடப்பது வேறொன்று. தன் இயக்கத்தைக் கழித்துப் பாராதவன் பிறர் இயக்கத்தை அறிய மாட்டான்.

இனி எய்யும் முறையை நோக்குவோம். எதிர்க்கப்பலின் பாதைக்குச் செங்குத்தாக டார்பிடோ சென்று தாக்கும்படி நாம் காத்திருப்பதாகக் கொள்வோம். அக்காலத்து 'மார்க் 14' டார்பிடோவின் மிகுந்த வேகம் 46 நாட். 1,500 கெஜம் ஓட அதற்கு ஏறக்குறைய 59 விநாடி ஆகும். அதற்குள் 12 நாட் வேகமுள்ள கப்பல் சுமார் 390 கெஜம் நகரும். ஆகவே கப்பல் செங்குத்து நிலைக்கு வருமுன், 15 பாகைக்குச் சிறிது குறைவான கோணத்தில் இருக்கும்பொழுதே எய்துவிடல் வேண்டும். தூரம் 3,000 கெஜமாயின் டார்பிடோவின் காலமும் இரட்டிக்கும், கப்பலின் நகர்ச்சியும் இரட்டிக்கும், கோணமோ மாறாது. இந்நிலையில் தூரம் கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றது என்பது கற்போரை வியப்பிலாழ்த்தும். ஆடுவோர் இம்முறைக்கு, 'டாங்' என்னும் நீர்மூழ்கியின் தலைவராயிருந்த டிக் ஓகேன் பெயரை இட்டு வழங்குகின்றனர்.

அங்ஙனமாயின் எவ்வளவு தொலைவிலிருந்தும் எய்யலாமன்றோ எனின், ஆகாது. வேகத்தை 2 நாட் தவறாகக் கணித்தோமென்று கொள்க. 1,500 கெஜத்தில் அப்பிழை 65 கெஜமளவு ஆகும். 140 கெஜ நீளமுள்ள சரக்குக் கப்பலின் நடுவைக் குறித்த டார்பிடோ அதன் ஓரத்திலேனும் படும். 3,000 கெஜத்திலோ பிழை 130 கெஜமாகி, டார்பிடோ வெறுங்கடலில் ஓடும். கோணம் மாறாதெனினும், பிழை பொறுக்கும் எல்லை தூரத்தோடு குறைகின்றது. அதனாலேயே கப்பற்றலைவர்கள் அபாயத்தைப் பொருட்படுத்தாது நெருங்கிச் சென்றனர். செங்குத்து நிலை வாய்க்காத காலத்து, திசை, வேகம், தூரம் ஆகிய மூன்றையும் ஏற்று, நொடிதோறும் மாறும் கோணத்தைக் கணித்து, டார்பிடோவின் திசைக்கருவிக்கு அறிவிக்கும் கணிப்பு யந்திரமொன்று கப்பலில் இருந்தது. பற்சக்கரங்களாலும் மின்மோட்டார்களாலும் இயங்கிய அவ்வியந்திரத்தை விளையாட்டிலும் காணலாம். ஆனால் அதற்குப் பிழையான எண்ணைக் கொடுத்தால், பிழையான விடையையே பிசகின்றித் தரும்.

கணக்குச் செவ்வையாக இருந்தும் காரியம் கெடுவதுண்டு. யுத்தத்தின் முற்பகுதியில் நன்கு குறிபார்த்து எய்த டார்பிடோக்கள் பல வெடிக்கவில்லை. கப்பற்றலைவர்கள் முறையிட்டபோது குற்றம் அவர்கள்மேலேயே சுமத்தப்பட்டது. 1942-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அட்மிரல் சார்லஸ் லாக்வுட் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு மீன்வலையை நீரிற் கட்டி, அதன்மேல் டார்பிடோக்களை எய்வித்தார். வலையில் விழுந்த துளைகள், அவை குறித்த ஆழத்தினும் சராசரி 11 அடி கீழே ஓடின என்பதை நிரூபித்தன. அதன் பின்னும் குறை தீரவில்லை. 1943-ம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'டினோசா' என்னும் நீர்மூழ்கி, செயலற்று நின்ற எண்ணெய்க் கப்பலொன்றன்மேல் டார்பிடோக்களை ஒவ்வொன்றாக எய்தும், அவை மோதி வெடியாது வீழ்ந்தன. சோதித்துப் பார்த்ததில், செங்குத்தாக மோதினால் வெடியூசி நசுங்கி அசையாது நிற்கின்றது என்றும், சாய்வாக மோதினாலே வெடிக்கும் வாய்ப்பு மிகுதி என்றும் விளங்கிற்று. செங்குத்தாக விழவிட்ட சோதனையில் 10-க்கு 7 பழுதாயின. மிகத் திருத்தமாக எய்தவனுக்கே தோல்வி மிகுதியாக வாய்த்தது என்பது எண்ணி வருந்தத்தக்கது. அவ்வாண்டு முடிவதற்குள் குறை நீக்கப்பட்டது. விளையாட்டிலும் இப்பழுதைச் சேர்த்துக்கொண்டு ஆடலாம்.

கணக்குக் காட்டாத பொருள் இன்னும் ஒன்றுண்டு, அதுவே தலையாயது. 1944-ம் ஆண்டு செப்டம்பர் 12-ம் தேதி, தென்சீனக் கடலில், 'சீலயன்' என்னும் நீர்மூழ்கி 'ராக்குயோ மாரு' என்னும் கப்பலையும், 'பாம்பனிட்டோ' என்னும் நீர்மூழ்கி 'கச்சிடோக்கி மாரு' என்னும் கப்பலையும் மூழ்குவித்தன. அக்கப்பல்களுள் சிங்கப்பூரிலிருந்து ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகள் 2,200-க்கு மேற்பட்டோர் இருந்தனர். அவர்களுட் பலர் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலையிற் பிழைத்து வந்தவர்கள். மலாயாவின் தோட்டங்களிலிருந்து சென்ற நம் தமிழ்த் தொழிலாளர் எண்ணற்றோர் மாண்டதும் அவ்வேலையிலேயாம். கைதிகள் இருப்பதை அறிவிக்கும் அடையாளம் அக்கப்பல்களில் இல்லை. மூன்று நாள் கழித்து அவ்வழியே மீண்ட பாம்பனிட்டோவின் மாலுமிகள், எண்ணெய் தோய்ந்த கட்டைகளைப் பற்றி மிதந்த மனிதரைக் கண்டு, அவர் தம் நேசப்படையினர் என்றறிந்து திடுக்கிட்டு, 73 பேரை ஏற்றிக்கொண்டனர். நான்கு நீர்மூழ்கிகள் சேர்ந்து காத்தது 159 பேரை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கடலில் மடிந்தனர். பாம்பனிட்டோ பிற்காலத்திற் சான் பிரான்சிஸ்கோவிற் காட்சிக் கப்பலாக்கப்பட்டது. அதன் கணிப்பு யந்திரமும் செப்பனிடப்பட்டு இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது.

அன்று அவ்வியந்திரம் தந்த விடையிற் பிழையில்லை. தூரம் சரி, திசை சரி, வேகமும் சரி. கப்பலுள் இருந்தவர் யாவர் என்னும் வினாவை அதனிடம் கேட்பதற்கு வழியே இல்லை. எய்தவர்க்கும் யுத்தம் இரங்கியதன்று. அவ்யுத்தத்தில் அமெரிக்கர் இழந்த நீர்மூழ்கிகள் 52. 'டாங்' கப்பலோ தான் எய்த டார்பிடோ வளைந்து திரும்பித் தாக்கியதால் 78 பேருடன் மூழ்கிற்று.

ஆகலின் இவ்விளையாட்டை ஆடும் நம் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே. அதனை வீண்பொழுதென்று நாம் இகழோம். முக்கோணத்தையும் எதிரொலியையும் உயிருள்ள பாடமாக்கிக் காட்டும் நல்லாசிரியனாக அது அமையக்கூடும். ஒருமுறை நோக்கித் துணியாது மறுமுறையும் நோக்குதல், தன் இயக்கத்தைக் கழித்துப் பிறர் நிலையை மதித்தல், கருவியின் பழுதை ஒளியாது சோதித்தல் ஆகிய மூன்றையும் அதனிடம் பயிலலாம். அதனோடு, திரையில் மின்னும் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் மனிதரைச் சுமந்த மரக்கலமாயிருந்தது என்பதையும் நினைவிற் கொள்வாராயின், கற்ற கணக்கு அவர்க்கு அறிவோடு அருளையும் தருமென்பது எமது துணிபு.